மூக்கடைத்த நாளும் மூன்றாம் தாங்கியும்

போன சனிக்கிழமை லிட்கமில் நீங்கள் பியர் காய்ச்சிப் பழகுகிற கொட்டகைக்கு வந்தபோது நீங்கள் ஊற்றித் தந்த கறிவேப்பிலைப் பியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறிப்போன ரசத்துக்குள் சோடா விட்டதுபோல இருந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மேசையில் நடந்த வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பியரை மறந்துபோனேன்.

நீங்கள் எல்லோரும் வட்டமாக இருந்து ருசி பார்த்தீர்கள். புதிதாக வந்தவர் முதலில் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு வழக்கம். உங்களில் ஒருவர் பெருமையோடு என் பக்கம் சாய்ந்து, "அன்ரி, பெரிய ஆக்கள் முதல்ல சொன்னா மற்றவை அதையேதான் சொல்லுவினம், அதுக்குத்தான் இப்பிடி" என்றார். "ஓம், நல்ல வழக்கம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று பட்டது. பணி அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று நீங்களும் என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன்.

அந்த வழக்கத்தை நான் முதன்முதலில் கண்டது எழுபதுகளில், சிட்னியில் நான் வேலை பார்த்த ஒரு பெரிய பியர் ஆலையில். அதைக் கொண்டுவந்தவர் அங்கே பியர் காய்ச்சுவதற்கெல்லாம் பொறுப்பான தலைமை ப்ரூவராக இருந்தவர். அவர் அதைக் கொண்டுவந்த காரணம் நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. உண்மையான காரணம் வெளியே தெரிந்தால் அவருடைய வேலை போய்விடும். அது வெளியே வந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எப்படிக் காய்ச்சுவது, என்ன சூட்டில் வைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். என் மனதுக்குள் அவரை நான் பெரியவர் என்றுதான் கூப்பிட்டு வந்தேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் பேசியது ஆங்கிலம், அதிலும் பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிற ஆங்கிலம். ஆனால் இத்தனை காலம் எனக்குள் கிடந்ததில் அது எங்கட தமிழாகவே மாறிவிட்டது. எனக்குக் கேட்கிறபடியே எழுதுகிறேன்.

கொழும்பில் ரசாயனம் படித்து, அரசாங்க ஆய்வுகூடமொன்றில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தேன். இவருக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு வேலை கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் என் சேலையைப் பார்த்தார்கள், பிறகு என் சான்றிதழைப் பார்த்தார்கள், பிறகு எழுதிப்போடுவதாகச் சொன்னார்கள். ஒருவரும் எழுதிப்போடவில்லை. கடைசியில் ஒரு பியர் ஆலை ஆய்வுகூடத்துக்கு ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்தேன். நான் மதுவை வாயில் வைக்காத சைவக் குடும்பத்துப் பெண். இவரிடம் காட்டினேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போம். ஆனா எங்கட ஆக்கள் கேட்டா உணவு ஆய்வுகூடம் எண்டு சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு பல வருடம் நான் உணவு ஆய்வுகூடத்தில்தான் வேலை பார்த்தேன். மாலை ரயிலில் ஈஸ்ட் மணக்க மணக்க வருவேன். உறவுக்காரர் கேட்டால் மா குழைத்துப் பாண் சுடுகிற பகுதி என்று சொல்லிவிடுவார் இவர்.

நேர்முகத் தேர்வில் பெரியவர் என் சான்றிதழைத் திறக்கவேயில்லை. மூன்று கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து, "இதில எது மற்றதைப்போல இல்லை?" என்று கேட்டார். மணந்து பார்த்து நடுக் குவளையைத் தள்ளி வைத்தேன். அதில் இரும்புக் குழாய் மணம் இருந்தது. அவர் குவளையைத் தூக்கி, அடியில் குறித்து ஒட்டியிருந்த கடதாசித் துண்டைப் பார்த்தார். "குடிக்கிற பழக்கம் இருக்கோ?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. உம்மைக் குடிக்கச் சொல்லமாட்டன். மூக்கைமட்டும் நாளைக்குக் கொண்டு வாரும்" என்றார். இந்த நாட்டில் என்னை மனுசி என்று மதித்து ஒருவர் தந்த முதல் வேலை அது. அவருக்காக நான் எதுவும் செய்வேன் என்று அன்று நினைத்தேன், அது மெய்யான நினைப்புத்தான்.

எனக்கு இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் விரதச் சமையலை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. சாமிக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு. உப்புப் போதுமோ, புளி கூடிவிட்டதோ, தேங்காய்ப்பால் திரியப் போகிறதோ என்பதையெல்லாம் ஆவியிலேயே பிடிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து குசினியில் நின்று பழகிய மூக்கு அது. பியர் ஆலையில் போய்ச் சோறு போடும் என்று யார் கண்டது.

காலையில் ருசி மேசை நடக்கும். நான், பியர் ஊறுகிற பெரிய தாங்கிகள் இருக்கும் நிலவறையின் போர்மன், பீப்பாய் நிரப்பும் பகுதிக்குப் பொறுப்பானவர், பெரியவர் என்று நான்கு பேர். அந்தக் காலத்தில் ஆலைத் தொழிலாளருக்கு இடைவேளைகளில் இலவசப் பியர் உண்டு. போர்மன் விடிய வந்ததிலிருந்து அதைக் குடித்துக்கொண்டிருப்பார். விரலிடுக்கில் எந்நேரமும் சிகரெட். பீப்பாய்க்காரரும் அப்படித்தான். தினமும் அதே பியரில் ஊறிய வாய்க்கு அந்தப் பியரில் என்ன மாறினாலும் தெரியாது. அந்த மேசையில் சிகரெட் பிடிக்காதது நானும் பெரியவரும்தான். புது ஆள் என்று முதலில் என்னைத்தான் சொல்ல விடுவார். நான் சொல்வேன். மற்ற இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். கடைசியில் பெரியவர் குவளையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, நான் சொன்னதையே என்னைவிட அழகாகச் சொல்வார். நான் "வெண்ணெய்" என்றால் அவர் "வெண்ணெய்தான், ஆனா இன்னும் ரெண்டு நாள் விட்டா ஈஸ்ட் அதைத் தின்னுடும்" என்பார். எவ்வளவு பெரிய மனிதர், ஒரு புதுப் பெண் சொன்னதை ஒருநாளாவது தட்டிப் பேசவில்லையே என்று எனக்குள் ஒரு பெருமிதம். வீட்டில் இவரிடம் அதைச் சொல்லிச் சொல்லியே காதைத் தேய்த்துவிட்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நத்தாருக்கு முந்திய வாரம், கிறிஸ்மஸ் பரபரப்பு. சிட்னியின் டிசம்பர் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் தாரெல்லாம் உருகி ஒட்டியது. பப்புகளில் பியர் தீர்ந்துகொண்டு வருகிறது, இன்னும் அனுப்புங்கள் என்று தொலைபேசி ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய் நனைந்துகொண்டு நிற்கையில் தெற்கிலிருந்து வருகிற குளிர்காற்று திடீரென்று அடித்தது. எனக்கு அடுத்த நாள் தடிமன். இரண்டு மூக்கும் கல்லாக அடைத்துவிட்டது. "இஞ்சரும், இந்தத் தடிமனோட போய் என்னத்தை மணக்கப் போறீர்? லீவு எடும்" என்றார் இவர். "மைக்ரோஸ்கோப்புக்குத் தடிமன் இல்லைத்தானே" என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

ஆலை வாசலில் லொறிகள் வரிசையாக நின்றன. ஆய்வுகூடக் கதவடியில் போர்மன் காத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை. "மூண்டாம் தாங்கிக்குப் பூட்டின குழாய் முற்றத்து மண்ணில கிடந்ததாம். நீராவியில கழுவாமல் அப்பிடியே பூட்டிப்போட்டான் ஒருத்தன். எனக்கு இப்பத்தான் தெரியும். வந்து சொல்லுறன்" என்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குடிகாரன் என்று அதுவரை அவரை நான் ஒரு கணக்கில் எடுத்ததில்லை, அன்றைக்கு எடுத்தேன்.

கழுவாத குழாயால் காட்டு ஈஸ்ட் உள்ளே போகலாம். போனால் பியர் ஆஸ்பத்திரி மணக்கும், கராம்பு எண்ணெய் மணக்கும். குடிக்கிற ஆளுக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒரு வாய் குடித்தவர் மறு வாய் குடிக்கமாட்டார். மைக்ரோஸ்கோப்பில் நல்ல ஈஸ்டும் காட்டு ஈஸ்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தட்டில் வளர்த்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும், ஆனால் அதற்கு நாள் செல்லும். மூன்றாம் தாங்கியை அன்றைக்கே பீப்பாய்களில் நிரப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கே சொல்லக்கூடியது மூக்கு ஒன்றுதான்.

மேசையில் உட்கார்ந்தோம். பெரியவர் வழக்கம்போல, "புது ஆள் முதல்ல" என்றார்.

"மன்னிக்கோணும் சேர், எனக்கு இண்டைக்கு ஒரு மணமும் தெரியேல்லை. தடிமன். என்னை விட்டுட்டு நீங்கள் பாருங்கோ" என்றேன்.

அவர் கையில் இருந்த குவளையை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப பின்னேரம் பாப்பம்" என்று எழும்பிவிட்டார். பீப்பாய்க்காரர் துள்ளினார். "ஒரு பிள்ளைக்குத் தடிமன் எண்டு லொறியளை நிப்பாட்டுறதோ? நீங்கள் இருக்கிறியள்தானே, மணந்துபோட்டுச் சொல்லுங்கோ" என்றார். பெரியவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அதற்கு முந்திய மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஈஸ்ட் வளர்க்கிற தட்டுகளில் ஊற்ற அடுப்பில் வைத்த அகார்க் கூழ் அடிப்பிடித்துக் கருகி, நடைபாதை முழுக்க நாறியது. போர்மன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். பெரியவர் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், தேநீர் இருக்கோ என்று கேட்டார். யோசனையில் இருக்கிறார் என்று அன்று நினைத்தேன். இப்போது நேர்முகத் தேர்வுக் குவளையின் அடியில் ஒட்டியிருந்த துண்டும் நினைவுக்கு வந்தது. தன் மூக்கில் நம்பிக்கை இருக்கிறவர் எதற்குத் துண்டு ஒட்டுகிறார்? மேசையில் நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அது மரியாதைக்காக இல்லை. அந்த மனிதருக்கு மணம் தெரியாது.

எனக்கு முதலில் அழுகை வந்தது. என்னை மதித்தார் என்று நினைத்ததெல்லாம் போய்விட்டதே என்ற அழுகை. பிறகு நல்ல கோபம் வந்தது. இத்தனை நாளாக என் மூக்கை வைத்து இந்த ஊரெல்லாம் குடிக்கிற பியருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் நான் பிழையாகச் சொல்லியிருந்தால் பிடித்து நிறுத்த அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். "உங்களுக்கு மணம் தெரியாது, என்ன?" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "எப்ப கண்டுபிடிச்சனீர்?"

"இப்ப."

"ஒரு கூதல் காலத்தில கடும் காய்ச்சல் வந்தது. எழும்பினால் ஒண்டும் மணக்கேல்லை. நாக்கில கைப்பு, இனிப்பு, புளிப்பு எல்லாம் இருக்கு. மணம்மட்டும் திரும்பி வரேல்லை. மனுசிக்குக்கூடச் சொல்லேல்லை. அவ சமைக்கிறதைச் சாப்பிட்டு நல்லாயிருக்கெண்டு சொல்லுறன்." சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக லொறிகளைப் பார்த்தார். "பென்சனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கு. இந்த வேலையைத் தவிர வேற ஒண்டும் எனக்குத் தெரியாது. புது ஆள் முதல்ல சொல்லவேணும் எண்டு சட்டம் போட்டது அதுக்குத்தான்."

கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்குப் பக்கத்தில் பாவமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீர் எப்பிடியாவது மணந்து பாரும்" என்றார். "நீர் என்ன சொன்னாலும் நான் கையெழுத்து வைக்கிறன்."

ஆய்வுகூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வேது பிடித்தேன். யூகலிப்டஸ் இலை போட்டால் மூக்குத் திறக்கும், ஆனால் பிறகு யூகலிப்டஸ் தவிர வேறொன்றும் மணக்காது. வெறும் சுடுதண்ணீர்தான். துவாயைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, வெளியே உருகுகிற வெயிலில் உள்ளே ஆவிக்குள் குந்தியிருந்தேன். வியர்வை ஒழுகி ஒழுகி ஒருவழியாக இடது மூக்கு பாதி திறந்தது. மூன்றாம் தாங்கிப் பியரைக் குவளையில் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் வைத்து, மேலே மூடிப் பிடித்திருந்து திறந்து மணந்தேன். ஒரு நொடி கராம்புபோல இருந்தது. மறுபடி மணந்தேன், ஒன்றுமில்லை. நல்ல பியர் என்று தெரிந்த இரண்டாம் தாங்கியை மணந்தேன், அதிலும் கராம்புபோல இருந்தது. பயந்த மூக்கு தேடுவதையெல்லாம் கண்டுபிடிக்கும். இதை எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

பெரியவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "என்ன?"

"எனக்குத் தெரியேல்லை."

"ஒரு பக்கம் சொல்லும்."

"ஒரு பக்கமும் சொல்லேலாது. தெரியேல்லை எண்டால் தெரியேல்லைத்தான். தாங்கியை நிப்பாட்டி வையுங்கோ. தட்டில வளத்துப் பாப்பம்."

"என்ன காரணம் சொல்லி நிப்பாட்டுறது? இருபத்தஞ்சு வருச மூக்கு உனக்கு, மணந்து சொல்லு எண்டுதானே கேப்பினம்?"

அந்த நேரம் நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஆலை மனேஜரும், அவருக்குப் பின்னால் பீப்பாய்க்காரரும் போர்மனும் வந்தார்கள். மனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் விடிய இருந்து தொலைபேசியில் ஏச்சு வாங்கிய மனிதர், கழுத்துப்பட்டி வியர்வையில் நனைந்திருந்தது. "குழாய்க் கதையெல்லாம் கேட்டாச்சு" என்றார். "அது பழுதா இல்லையா, அதைமட்டும் சொல்லுங்கோ. நல்லதெண்டால் இப்பவே நிரப்பிறம். பழுதெண்டால் முழுத் தாங்கியையும் வாய்க்காலில விடுவம், அந்தக் குழாயைப் பூட்டினவன் இண்டைக்கே வீட்டை போவான். நத்தார் எண்டும் பாக்கமாட்டன்."

போர்மன் நிலத்தைப் பார்த்தார். அந்தத் தொழிலாளிக்குச் சின்னப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மனேஜர் என் மேசையிலிருந்த குவளையை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினார். "ஒரு வாய் குடிச்சுச் சொல்லுங்கோ. உங்கட சொல்லுக்கு மேல எனக்கு ஒண்டும் வேண்டாம்."

பெரியவர் குவளையை வாங்கினார். மூக்கடிக்குக் கொண்டுபோனார். கண்ணைச் சுருக்கினார். எல்லாம் வழக்கம்போலத்தான். பிறகு, பழக்கத்தில், என் முகத்தைப் பார்த்தார்.

பிள்ளைகளே, நல்லது என்றால் எங்கள் பெயரில் நாற்றப் பியர் போகலாம். கெட்டது என்றால் பியரைப் பழுதாக்காத ஒருவன் பிள்ளை குட்டியோடு நடுத்தெருவில் நிற்கலாம். புருவத்தை நான் கொஞ்சம் தூக்கினால் போதும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லித் தப்பிவிடுவார். எனக்கு வேலை தந்த மனிதர். அந்த முகத்தில் இருந்த பயத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் விழுந்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என்னிடம் பொய்யைத் தவிர கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நான் எழும்பி, கழுவுதொட்டிப் பக்கம் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே ஏதோ லொறி ஹோர்ன் அடித்தது. பீப்பாய்க்காரர், "என்ன சேர், ஊமையாகிப் போனியளோ?" என்றார். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார் பார் என்று கழுத்து கெஞ்சியது. நான் திரும்பவில்லை.

குவளையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு மணம் தெரியாது" என்றார் பெரியவர். குரல் சாதாரணமாக இருந்தது. "கனகாலமாத் தெரியாது. இதில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. இந்த அறையில இண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியும்வரைக்கும் தாங்கியைப் பூட்டி வையுங்கோ. அந்தப் பெடியனை வீட்டை அனுப்பாதையுங்கோ."

நான் திரும்பியபோது மனேஜர் கதிரையில் இருந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. நெருங்கிய சொந்தத்தில் யாரோ செத்துப்போனதைக் கேட்டவர்போல இருந்தார். பிறகு, "பூட்டுங்கோ" என்றார். பீப்பாய்க்காரர் வெளியே போய் லொறிகளுக்கு இரண்டாம் தாங்கியைத் திறந்துவிட்டார். அந்த நத்தாருக்கு எங்கள் பியர் பல பப்புகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆலைக்கு நல்ல நட்டம், நல்ல ஏச்சு.

தட்டில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் வரவில்லை. நாள் கணக்காகப் பார்த்தேன், தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது. அதற்குள் என் மூக்கும் திறந்துவிட்டது. மூன்றாம் தாங்கி அருமையான பியர்.

இந்தக் கதையைப் பிறகு ஆலைகளில் சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள். பாரும், வாயை மூடிக்கொண்டு நல்லதென்று சொல்லியிருந்தால் பியரும் போயிருக்கும், அவருடைய வேலையும் நின்றிருக்கும் என்பார்கள். அவர்களோடு எனக்குப் பொல்லாத கோபம் வரும். தெரியாமல் சொன்ன நல்லது, பிறகு நல்லதாகவே முடிந்தாலும் பொய்தான். அடுத்த முறையும் அதே பொய்யைச் சொல்வீர்கள், அந்த முறை தாங்கி நாறும். முடிவு சரியாக வந்ததா என்று பார்க்காதீர்கள். முடிவெடுத்த நேரத்தில் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

பெரியவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருடைய நீண்ட சேவையைப் பார்த்து மோல்ற், அதாவது முளைவிட்ட பார்லி மூட்டைகள், அடுக்குகிற களஞ்சியத்துக்கு மாற்றுவதாக மனேஜர் சொன்னார். மூட்டை எண்ண என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு, பென்சன் குறைந்தாலும் பரவாயில்லை என்று விலகினார். புதிதாக வந்த தலைமை ப்ரூவர், இந்த ஆலையில் புது ஆள் முதலில் பேசுகிற வழக்கத்தை வைத்திருப்பதா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். அது எதற்காக வந்தது என்று அவருக்கும் தெரியும், அதனால்தான் கேட்டார். வைத்திருங்கள் என்றேன். ஒரு மனிதர் ஒளிந்துகொள்ளக் கட்டிய சுவர் என்றாலும் அது நல்ல சுவர். ஆனால் ஒன்று கூடச் சேர்க்கச் சொன்னேன்: "எனக்கு இன்றைக்குத் தெரியவில்லை" என்று யார் சொன்னாலும், மூத்தவர் சொன்னாலும், அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொள்ள வேண்டும். நீங்களும் அதைச் சேருங்கள். போன சனிக்கிழமை உங்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கறிவேப்பிலைப் பியருக்கு எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது, அதுவே எனக்குச் சந்தேகமாகப் போய்விட்டது.

பெரியவர் விலகிய நாளில் பிரியாவிடை வைத்தார்கள். நிலவறையில் நின்றுகொண்டே ஆளுக்கொரு குவளை. போர்மன் அழுதார். மனேஜர் பேசினார், நல்லபடியாகத்தான் பேசினார். நான் ஒரு தூணடியில் நின்றேன். அன்றைக்கு முதுகைக் காட்டிய பிறகு நானும் அவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. என்மேல் கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்தேன். அது நியாயம் என்றும் நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் குவளையோடு என்னிடம் வந்தார். இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

"இது மூண்டாம் தாங்கிதானே?" என்றார்.

"ஓம்."

"நான் காய்ச்சினதில கடைசி." குவளையை என் மூக்கடிக்கு நீட்டினார். இத்தனை காலத்தில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எப்பிடி மணக்குது எண்டு எனக்குச் சொல்லுமன்."

அன்றைக்கு என் மூக்குத் திறந்துதான் இருந்தது. சூட்டோடு பிய்த்த பாண் என்றேன். அவர் ஒரு வாய் குடித்தார். வெயிலில் காய்ந்த வைக்கோல் என்றேன். இன்னொரு வாய். அடியில் கொஞ்சம் தோடம்பழத் தோல், விரல் நகத்தால் கீறினதும் வருகிற மணம், அவ்வளவுதான், பிறகு சுத்தமான தண்ணீர் என்றேன். அவர் தலையாட்டி, "இன்னும் சொல்லும்" என்றார். குவளை முடியும்வரைக்கும் சொன்னேன்.